மிளகாய் சாக்லேட்: அட்டையில் ஒரு காரம், வாயில் வேறு காரம்

கரோலினா ரீப்பர், பூத் ஜோலோகியா போன்ற கடுங்கார மிளகாய்களின் பெயரை அட்டையில் பெரிதாக அச்சிட்ட சாக்லேட் பார்கள் இப்போது இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெயருக்குப் பக்கத்தில் காரத்தின் அளவாக 10 லட்சம், 15 லட்சம் என்று ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ஓரமாகக் கடிப்பவர், முதல் சில நொடிகளில் இனிப்பையும் கசப்பையும் தவிர வேறெதையும் உணர்வதில்லை. ஏமாற்றத்தில் இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் தொண்டை எரியத் தொடங்குகிறது.

இன்னொரு பக்கம், 2023இல் அமெரிக்காவில் கடுங்காரச் சிப்ஸ் சாப்பிட்ட 14 வயதுச் சிறுவன் இறந்த செய்தியும், 2024இல் டென்மார்க் அரசு சில கொரிய நூடுல்ஸ் வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்ன செய்தியும் காரத் தின்பண்டங்கள் எல்லாவற்றின் மீதும் சந்தேகத்தை விதைத்திருக்கின்றன. மிளகாய் சாக்லேட்டை ரசிக்கலாமா, அஞ்ச வேண்டுமா? அட்டையில் உள்ள எண் இந்தக் கேள்விக்கு விடை தராது. மிளகாய் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அதன் காரப்பொருளைக் கொக்கோவின் கொழுப்பு எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருக்கிறது ஆகிய இரண்டும் தெரிந்தால்தான் விடை கிடைக்கும்.

காரம் வாயில் என்ன செய்கிறது?

அறுசுவைக் கணக்கில் கார்ப்புக்கு இடம் உண்டு. உடலியல் அதைச் சுவைகளோடு சேர்ப்பதில்லை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றை நாவின் சுவை மொட்டுகள் உணர்கின்றன. காரத்தை உணர்பவை, சூட்டையும் வலியையும் மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகள். அதனால்தான் சுவை மொட்டே இல்லாத உதடு எரிகிறது. மிளகாய் நறுக்கிய கையால் தொட்டால் கண்ணும் எரிகிறது.

அந்த நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொண்டு, சுடுகிறது என்ற செய்தியை அனுப்புவது அதன் வேலை. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற வேதிப்பொருள் இதே புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சூடு இல்லாதபோதும் அதைத் திறந்துவிடுகிறது. அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார்.

சாக்லேட்டைப் புரிந்துகொள்ள இதிலிருந்து மூன்று செய்திகள் தேவை.

1. கேப்சைசின் ஒட்டிக்கொண்டால், அந்தப் புரதம் திறக்கும் வெப்ப அளவு கீழே இறங்கிவிடுகிறது. சாதாரண உடல் வெப்பமே சுடுவதாகத் தோன்றும். ஆகவே மிளகாய் கலந்த சூடான சாக்லேட் பானம், அதே அளவு மிளகாய் சேர்ந்த பாரைவிடக் கூடுதலாக எரியும்.

2. அமிலமும் ஆல்கஹாலும் இதே புரதத்தைத் தூண்டுகின்றன. எலுமிச்சையோ ரம்மோ சேர்ந்த மிளகாய் சாக்லேட், மிளகாயின் அளவு மாறாமலே காரம் ஏறியதுபோல் தோன்றும்.

3. கேப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை. கொழுப்பில் நன்றாகக் கரையும். இனி வரப்போகும் விளக்கத்தின் பெரும்பகுதி இந்த மூன்றாவது செய்தியில்தான் நிற்கிறது.

அட்டையில் உள்ள எண் எதை அளக்கிறது?

அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் 1912இல் மிளகாயின் காரத்தை அளக்க ஒரு முறையை வகுத்தார். உலர்ந்த மிளகாயின் சாற்றை ஆல்கஹாலில் இறக்கி, அதைச் சர்க்கரைத் தண்ணீரில் மேலும் மேலும் கலந்து நீர்க்கச் செய்வார்கள். சுவைத்துப் பார்க்கும் குழுவில் உள்ளவர்களுக்குக் காரம் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டியிருந்ததோ, அந்த எண்ணிக்கையே ஸ்கோவில் அளவு. இப்போது நாக்கை நம்புவதில்லை. கேப்சைசினையும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றக் காரப்பொருள்களையும் கருவியால் அளந்து, அதை ஸ்கோவில் அலகுக்கு மாற்றிச் சொல்கிறார்கள்.

தூய கேப்சைசினின் அளவு 1 கோடியே 60 லட்சம். ஹலபேன்யோ மிளகாய் சுமார் 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ 1 லட்சத்திலிருந்து 3.5 லட்சம். 2007இல் கின்னஸ் சாதனை பெற்ற பூத் ஜோலோகியா 10 லட்சத்தைத் தாண்டியது. 2013இல் கரோலினா ரீப்பர் சராசரியாக 15,69,300 என்று பதிவானது. 2023இல் பெப்பர் எக்ஸ் 26,93,000ஐத் தொட்டது. இவை பொதுவாக உலர்ந்த எடையில் அளந்த எண்கள். பச்சை மிளகாயில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், செடியிலிருந்து பறித்து அப்படியே கடித்தால் அவ்வளவு இருக்காது.

பார்களை விற்பவர்கள் வாசகரைக் குழப்பும் இடம் இதுதான். அட்டையில் போட்டிருக்கும் 15 லட்சம் மிளகாயின் எண். சாக்லேட்டின் எண்ணைக் கண்டுபிடிக்க எளிய பெருக்கல் போதும்.

1. பாரில் உள்ள மிளகாய்த் தூளின் விகிதத்தைப் பாருங்கள். 100 கிராம் பாரில் அரை கிராம் தூள் என்றால் 0.5 சதவீதம்.

2. அதை மிளகாயின் ஸ்கோவில் அளவால் பெருக்குங்கள். தூள் 40,000 அலகு கொண்டது என்றால், சாக்லேட்டின் அளவு வெறும் 200.

3. அதே பாரில் 15 லட்சம் அலகு கொண்ட தூளை 1 சதவீதம் சேர்த்தால், சாக்லேட்டின் அளவு 15,000. இது உண்மையிலேயே கடுமையான காரம்.

4. 15 லட்சம் என்று அட்டையில் போட்டுவிட்டு 0.02 சதவீதம் மட்டும் சேர்த்திருந்தால், கிடைப்பது 300. ரீப்பரின் பெயர் இருக்கிறது. ரீப்பரின் காரம் இல்லை.

விகிதத்தைச் சொல்லாமல் மிளகாயின் சாதனை எண்ணை மட்டும் அச்சிடுவதை நேர்மையான விற்பனையாக என்னால் ஏற்க முடியவில்லை. வாங்குபவருக்குத் தேவையான தகவல் விகிதத்தில்தான் இருக்கிறது.

கொழுப்பு காரத்தை எப்படித் தள்ளிப்போடுகிறது?

சரி, பெருக்கிப் பார்த்து 15,000 என்று கண்டுபிடித்துவிட்டோம். அதே 15,000 அலகு கொண்ட ரசமும் இந்தச் சாக்லேட்டும் ஒரே அளவு எரியுமா? எரியாது. ரசம் உடனே எரியும். சாக்லேட் காத்திருந்து எரியும். உச்சமும் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால் காரம் அடங்குவதை எல்லோரும் அறிவோம். அங்கே நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. கேப்சைசினுக்கு எண்ணெய் பிடித்த இடம். அதை விட்டு நாவின் ஈரப் பரப்புக்குப் போக அது அவசரப்படுவதில்லை. எண்ணெயில் கரைந்த கேப்சைசினை நாக்கு உணர, தண்ணீரில் உள்ளதைவிட அதிக அளவு தேவைப்படுகிறது என்பது சோதனைகளில் உறுதியானது.

சாக்லேட்டில் இன்னொரு படி கூடுதலாக இருக்கிறது. அதன் கொழுப்பு அறை வெப்பத்தில் கெட்டியாக இருப்பது. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிக அமைப்புகளில் உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பும், உடைக்கும்போது 'டக்' என்ற ஒலியும் தருவது. அது சுமார் 34 டிகிரியில் உருகும். சாக்லேட்டைச் சூடாக்கிக் குளிர்வித்து மீண்டும் இளஞ்சூடாக்கி இந்த வடிவத்துக்குக் கொண்டுவருவதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். உடலின் வெப்பம் சுமார் 37 டிகிரி. இரண்டுக்கும் இடையே உள்ள அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் மிளகாய் சாக்லேட்டின் சுவை முழுவதும் நிகழ்கிறது.

வாயில் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

1. துண்டு நாவில் பட்டதும் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை வாயிலிருந்தே எடுத்துக்கொள்வதால் மெல்லிய குளிர்ச்சி தெரியும். காரம் வருவதற்கு முன் குளிர்ச்சி வருவது இந்தத் தின்பண்டத்தின் தனிச்சிறப்பு.

2. சர்க்கரை எச்சிலில் உடனே கரைகிறது. ஆகவே இனிப்பு முதலில் வருகிறது. கொக்கோவின் கசப்பும் மணமும் தொடர்கின்றன.

3. உருகிய கொழுப்பு எச்சிலோடு கலந்து சிறு துளிகளாக உடைகிறது. துளிகளின் பரப்பு கூடக் கூட, உள்ளே இருந்த கேப்சைசின் வெளியே வர வழி கிடைக்கிறது. காரம் தொடங்குவது இப்போதுதான்.

4. மீதமுள்ள கொழுப்பு விழுங்கும்போது தொண்டையில் மெல்லிய படலமாகப் படிகிறது. தன்னோடு கேப்சைசினையும் அங்கே விட்டுச் செல்கிறது. சாக்லேட்டை விழுங்கிய பிறகும் எரிச்சல் நீடிப்பதற்கு இதுவே காரணம்.

இனிப்பும் இதில் பங்கு வகிக்கிறது. சர்க்கரை காரத்தின் கூர்மையை மழுக்கும். 2019இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், காரத்தைத் தணிப்பதில் கொழுப்பு நீக்கிய பாலும் முழுப்பாலும் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தந்தன. சர்க்கரை கலந்த பானமும் நன்றாகவே உதவியது. பாலின் கொழுப்பைவிட அதன் புரதம் முக்கியம் என்பதற்கு இது வலுவான குறிப்பு. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் பால் சாக்லேட்டில் மிளகாய் ஏன் மங்கிப்போகிறது என்பது விளங்கும். அங்கே கொழுப்பு, நிறையச் சர்க்கரை, பால் புரதம் ஆகிய மூன்றும் சேர்ந்து காரத்தை அமுக்குகின்றன. 70 சதவீதக் கொக்கோ கொண்ட கறுப்பு சாக்லேட்டில் சர்க்கரை 30 சதவீதத்துக்குள் அடங்கிவிடும், பாலும் இருக்காது. அதே அளவு மிளகாய் அங்கே தெளிவாகப் பேசும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்த மலிவான காம்பவுண்டு சாக்லேட்டின் நிலை வேறு. பல சமயம் அந்தக் கொழுப்பு வாயில் முழுவதும் உருகாமல் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். காரமும் திட்டுத்திட்டாகத்தான் வெளிப்படும்.

மெக்சிகோவின் பானமும் இன்றைய பாரும்

மிளகாய் சாக்லேட்டை 'ஆஸ்டெக் மக்களின் பழைய செய்முறை' என்று விளம்பரப்படுத்துவது வழக்கம். பாதி உண்மை. மிளகாயும் கொக்கோவும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. நடு அமெரிக்காவின் மாயா, ஆஸ்டெக் மக்கள் வறுத்து அரைத்த கொக்கோவைத் தண்ணீரில் கலந்து, உயரத்திலிருந்து ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி நுரை எழுப்பிக் குடித்தார்கள். அதில் மிளகாய் சேர்ப்பதும் உண்டு. வனிலா, தேன், நறுமண மலர்கள், சோளமாவு சேர்ப்பதும் உண்டு. மிளகாய் பல வழிகளில் ஒன்று. எல்லாக் கோப்பையிலும் அது இருந்ததாகக் கொள்ளக் கூடாது.

அது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பானம் என்பதும் முக்கியம். கெட்டிக் கொழுப்பு காரத்தைப் போர்த்தி வைத்திருக்கவில்லை. பெரும்பாலும் சர்க்கரையும் இல்லை. அந்தப் பானத்தில் மிளகாய் கசப்போடு சேர்ந்தே நாவைத் தொட்டிருக்கும். இன்றைய பாரில் காணும் தாமதம் அங்கே இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

ஸ்பெயினுக்குப் போன பிறகும் மிளகாய் சில காலம் கூடவே இருந்தது. அன்டோனியோ கோல்மெனெரோ டி லெடெஸ்மா என்ற ஸ்பானிய மருத்துவர் 1631இல் சாக்லேட்டைப் பற்றி எழுதிய நூலில், 100 கொக்கோ விதைக்கு இரண்டு மிளகாய் என்று அளவு தருகிறார். கூடவே சோம்பு, பட்டை, வனிலா, பாதாம், சர்க்கரை எல்லாம் உண்டு. பிறகு ஐரோப்பியர் சர்க்கரையைக் கூட்டி, மிளகாயை மெல்ல விலக்கிவிட்டார்கள்.

கெட்டியான பார் வந்தது அதற்கு இரண்டு நூற்றாண்டுகள் கழித்து. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் கொக்கோவைப் பிழிந்து வெண்ணெயைத் தனியே எடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. அப்படி எடுத்த வெண்ணெயைக் கொக்கோத் தூளோடும் சர்க்கரையோடும் மீண்டும் கலந்து, 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த ஃப்ரை நிறுவனம் பாராக வார்த்தது. 1879இல் சுவிட்சர்லாந்தின் ரொடால்ஃப் லிண்ட் கண்டுபிடித்த கான்சிங், அதாவது சாக்லேட்டை நீண்ட நேரம் உருட்டிப் பிசையும் முறை, அதை வழவழப்பாக்கியது. மிளகாய் இந்த வழவழப்பான கொழுப்புக்குள் பரவலாக நுழைந்தது அண்மைக் காலத்தில்தான். ஆஸ்டெக் பெயரைச் சொல்லி விற்கப்படும் பார், உண்மையில் நவீனத் தொழிற்சாலைச் சாக்லேட்டின் பிள்ளை.

இரண்டுக்கும் இடையில் நிற்கும் ஒன்று இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிறது. நெடுங்காலம் ஸ்பானிய ஆட்சியின் கீழ் இருந்த மோதிகா நகரில், கொக்கோவைக் குறைந்த சூட்டில் அரைத்துச் சர்க்கரை கரையாமல் கலந்து சாக்லேட் செய்கிறார்கள். கான்சிங் இல்லை, கூடுதல் கொக்கோ வெண்ணெயும் சேர்ப்பதில்லை. கடித்தால் சர்க்கரை மணல்போல் நறநறக்கும். மிளகாய் சேர்த்த வகை அங்கே வழக்கமான ஒன்று. 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் இதற்குக் கிடைத்தது. மிளகாயையும் கொக்கோவையும் தனித்தனியே உணர விரும்புபவர்களுக்கு, வழவழப்பான எந்தப் பாரையும்விட நான் மோதிகா சாக்லேட்டைத்தான் பரிந்துரைப்பேன்.

மெக்சிகோவின் மோலே போப்லானோ குழம்பிலும் சாக்லேட் உண்டு. அங்கே பல வகை உலர் மிளகாய்கள் முன்னே நிற்க, சாக்லேட் சிறிதளவே சேர்ந்து கசப்பும் அடர்த்தியும் தருகிறது.

எந்த மிளகாய் கொக்கோவோடு பொருந்தும்?

காரத்தின் அளவைவிட மணம் முக்கியம். கொக்கோ விதையை வறுக்கும்போது உருவாகும் மணப்பொருள்களில் பைரசின் என்ற வகை முக்கியமானது. உலர்ந்த மிளகாயை வறுத்தாலும் அதே வகை வறுமணம் எழும். ஆகவே உலர்ந்து, கறுத்து, பழம்போல் ஆன மிளகாய்கள் கொக்கோவோடு இயல்பாகச் சேர்கின்றன.

அன்சோ என்பது பழுத்து உலர்ந்த பொப்லானோ மிளகாய். அதன் காரம் 1,000 முதல் 2,000 வரைதான். உலர் திராட்சையின் இனிய மணம் அதற்கு உண்டு. பசியா மிளகாயும் இதே குடும்ப மணம் கொண்டது. சிபோட்லே என்பது புகையில் உலர்த்திய ஹலபேன்யோ. புகை மணம் கறுப்பு சாக்லேட்டோடு நன்றாக நிற்கும், பால் சாக்லேட்டில் சற்றுத் தூக்கலாகத் தெரியும். ஹபனேரோவின் மணம் பழத்தை நினைவூட்டுவது. ஆரஞ்சு, மாம்பழம், பேஷன் பழம் சேர்ந்த சாக்லேட்டில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அளவு கொஞ்சம் தப்பினாலும் மணம் போய் எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

நம் பக்கத்து மிளகாய்களில், நிறத்துக்குப் பெயர் பெற்ற கர்நாடகத்தின் பியாடகி இதற்கு நல்ல தேர்வு: காரம் குறைவு, மணம் அதிகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயையும் கறுப்பு சாக்லேட்டில் முயன்று பார்க்கலாம். பொள்ளாச்சிப் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. ஒரே மாநிலத்தின் கொக்கோவையும் மிளகாயையும் சேர்த்துச் செய்ய ஒரு சாக்லேட் கலைஞருக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பூத் ஜோலோகியாவுக்கும் நல்ல பழ மணம் உண்டு என்றாலும், அந்த மணம் தெரியும் அளவுக்குச் சேர்த்தால் பெரும்பாலானவர்களால் சாப்பிட முடியாது.

செய்பவர் சந்திக்கும் சிக்கல்

உருகிய சாக்லேட்டில் சில துளி தண்ணீர் பட்டாலே போதும். சர்க்கரை ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ள, முழுவதும் திரிந்து கெட்டிப்பட்டுவிடும். ஆகவே பச்சை மிளகாயை அரைத்துச் சேர்க்க வழியில்லை. மூன்று வழிகள் உள்ளன.

1. நன்றாக உலர்ந்த தூள். இதில் மணம் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் சுமார் 30 மைக்ரானுக்கு மேல் பெரிய துகளை நாக்கு கண்டுபிடித்துவிடும். தூள் சீராக அரைபடாவிட்டால் ஒரு துண்டில் காரமே இருக்காது, அடுத்த துண்டில் குவிந்திருக்கும். ஒரே பாரைப் பகிர்ந்துகொண்ட இருவரின் அனுபவம் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. சூடாக்கிய கொக்கோ வெண்ணெயில் மிளகாயை ஊறவைத்து வடிகட்டுவது. காரம் சீராகப் பரவும். கொழுப்பில் முழுவதும் கரைந்திருப்பதால் தாமதமும் கூடும்.

3. ஓலியோரெசின் என்ற அடர்சாறு. கேரளம் இதன் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்றது. அளவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம். மிளகாயின் வறுமணம் மட்டும் பெரும்பாலும் தொலைந்துவிடும்.

மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். கேப்சைசின் உருவாவது விதையைத் தாங்கும் வெண்ணிறச் சதையில்தான். அந்தச் சதையை நீக்கி, தோலை மட்டும் உலர்த்தி அரைத்தால் மணம் மிகுந்து காரம் குறைந்த தூள் கிடைக்கும். சாக்லேட்டுக்கு அதுவே பொருத்தம்.

சுவைத்துப் பார்ப்பது எப்படி?

1. சாக்லேட்டைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட வேண்டாம். குளிர்ந்த கொழுப்பு மெதுவாக உருகும். காரம் இன்னும் பிந்தும். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்துக்கு வரட்டும். நம் ஊர்க் கோடையில் மின்விசிறியின் கீழ் சில நிமிடங்களே போதும்.

2. அதே கொக்கோ சதவீதம் கொண்ட, மிளகாய் சேராத சாக்லேட்டை முதலில் சுவையுங்கள். மிளகாய் என்ன சேர்த்தது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

3. ஐந்து கிராமுக்கு மேற்படாத துண்டை எடுத்து, மெல்லாமல் நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையில் உருகவிடுங்கள்.

4. விழுங்கிய பிறகு இரண்டு நிமிடமாவது பொறுத்திருங்கள். காரமில்லை என்று அதற்குள் முடிவு கட்டி இரண்டாவது துண்டை எடுப்பதுதான் பலர் செய்யும் பிழை.

5. எரிச்சல் எங்கே வருகிறது என்று கவனியுங்கள்: உதட்டிலா, நாவின் நுனியிலா, தொண்டையிலா? மிளகாயில் கேப்சைசின் மட்டும் இல்லை. அதன் உறவுப் பொருள்களும் உள்ளன. சில வாயின் முன்பகுதியில் மென்மையாகத் தெரியும். சில தொண்டையில் நீண்ட நேரம் தங்கும். மிளகாய்க்கு மிளகாய் இந்தக் கலவை மாறும்.

6. பல சாக்லேட்டுகளை ஒப்பிடுவதானால் காரம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். இடைவெளியும் முக்கியம். நிமிடத்துக்கு ஒன்றாகத் தொடர்ந்து சாப்பிட்டால் எரிச்சல் ஏறிக்கொண்டே போகும். கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினால் நாக்கு சற்று மரத்திருக்கும். அதே சாக்லேட் சாதுவாகத் தோன்றும். நாள் முழுக்க மிளகாய் சாக்லேட் சுவைத்துவிட்டு மாலையில் வழங்கும் தீர்ப்பை நம்ப முடியாது.

7. இடையில் பாலோ மோரோ குடியுங்கள். குளிர்ந்த தண்ணீர் வாயில் இருக்கும்வரைதான் ஆறுதல் தரும். கேப்சைசினைக் கரைத்துக்கொண்டு போகாது.

சவால் சாக்லேட்டுகளும் உண்மையான ஆபத்தும்

ரசிப்பதற்காகச் செய்யும் சாக்லேட் வேறு. நண்பர்களைச் சவாலுக்கு இழுப்பதற்காகச் செய்யும் சாக்லேட் வேறு. பின்னதில்தான் கவலைக்கு இடம் இருக்கிறது. ஆபத்தை அளக்க ஸ்கோவில் எண் போதாது. வயிற்றுக்குள் போன கேப்சைசினின் மொத்த அளவைப் பார்க்க வேண்டும். டென்மார்க் அதிகாரிகள் 2024இல் நூடுல்ஸ் வகைகளைத் திரும்பப் பெறச் சொன்னபோதும் ஒரு பொட்டலத்தில் உள்ள மொத்த அளவையே காரணமாகக் காட்டினார்கள். தடையின் ஒரு பகுதி பின்னர் விலக்கப்பட்டது.

ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டுக் கூட்டரசு நிறுவனம், பெரியவர்கள் ஒரு வேளை உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மில்லிகிராமுக்கு மேல் கேப்சைசின் உட்கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தியிருக்கிறது. முன்பு கணக்கிட்ட 15,000 அலகுச் சாக்லேட்டை இதோடு ஒப்பிடலாம்.

1. ஒரு கிலோ சாக்லேட்டில் ஒரு மில்லிகிராம் கேப்சைசின் என்பது சுமார் 16 ஸ்கோவில் அலகு. 15,000 அலகுச் சாக்லேட்டின் 100 கிராம் பாரில் ஏறக்குறைய 94 மில்லிகிராம் இருக்கும்.

2. ஐந்து கிராம் துண்டில் இருப்பது 5 மில்லிகிராமுக்கும் குறைவு. 60 கிலோ எடையுள்ளவருக்கான வரம்பு 300 மில்லிகிராம். ஒரு துண்டு அந்த வரம்பிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது.

3. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இதே கணக்கைப் போட்டால் 100 மில்லிகிராம். முழுப் பாரும் ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதுவும் பெரியவர்களுக்கான வரம்பை வைத்துப் போட்ட கணக்கு. இனிப்பு முதலில் வந்து காரம் பின்னால் வரும் தின்பண்டத்தைக் குழந்தை நிறுத்தாமல் தின்றுவிடும் என்பதால், வீட்டில் இதை வைக்கும் இடத்தில் கவனம் தேவை.

இந்த எண்கள் எல்லாருக்கும் பாதுகாப்பு உறுதி தருபவை என்று கொள்ளக் கூடாது. இரைப்பையிலும் குடலிலும் அதே டி.ஆர்.பி.வி.1 புரதம் இருக்கிறது; வாயில் தெரியாத காரம் மணிக்கணக்கு கழித்து வயிற்றில் தெரியலாம். இரைப்பைப் புண், நெஞ்செரிச்சல், குடல் அழற்சி உள்ளவர்களுக்கு வரம்புக்கு வெகு கீழேயே தொல்லை தொடங்கும். 2018இல் வெளிவந்த ஒரு மருத்துவ அறிக்கையில், அமெரிக்காவில் போட்டி ஒன்றில் கரோலினா ரீப்பரைச் சாப்பிட்ட 34 வயது ஆணுக்கு மூளையின் ரத்தக்குழாய்கள் தற்காலிகமாகச் சுருங்கித் தாங்க முடியாத தலைவலி வந்தது பதிவாகியிருக்கிறது. தொடக்கத்தில் குறிப்பிட்ட சிறுவனின் உடற்கூறாய்வு, கேப்சைசின் மிகுந்த உணவை உட்கொண்ட பின் இதயமும் சுவாசமும் நின்றதாகவும், அவனுக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருந்ததாகவும் தெரிவித்தது. அப்படிப்பட்ட குறை தனக்கு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. சிறுவர்களைக் கடுங்காரச் சவாலில் இறக்கும் விளையாட்டை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. மிளகாயை உணவில் சேர்க்கலாம். தனியாகப் பிரித்தெடுத்த கேப்சைசினைச் சுவையூட்டியாக அப்படியே சேர்க்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து சவால் சாக்லேட் வரவழைப்பவர்கள் பொருள்பட்டியலில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: மிளகாய்த் தூள் என்று எழுதியிருக்கிறதா, மிளகாய்ச் சாறு என்றா, கேப்சைசின் என்றா? தூள் என்றால் சதவீதத்தைப் பாருங்கள், பெருக்கிக்கொள்ளுங்கள். சாறு என்றால் அதன் அடர்த்தி குறிக்கப்படாதவரை எந்தக் கணக்கும் போட முடியாது. நகக்கண் அளவு துண்டோடு தொடங்கி, கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். கேப்சைசின் என்றே எழுதியிருந்தால் அந்தப் பாரை வாங்காமல் விட்டுவிடலாம். மிளகாயின் மணம் எதுவும் அதில் இருக்கப்போவதில்லை.